பிக்கப் வண்டியின் திசைமாற்றி: பழுதும் பாதுகாப்பும்

பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபால் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களாயினும், தீவின் பாலிக் புலாவ் மலைச்சரிவுகளில் டுரியானும் சாதிக்காயும் விளையும் சிறு தோட்டங்களாயினும், பிக்கப் வண்டி இல்லாமல் இன்று வேலை நடப்பது அரிது. உர மூட்டைகளை ஏற்றி வருவதும் அதுவே. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் அதுவே. நள்ளிரவில் நோயுற்றவரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதும் பல வேளைகளில் அதுவே.

அத்தகைய வண்டியில் பிரேக் சரியாக உள்ளதா என்று கேட்பவர் பலர்; திசைமாற்றி சரியாக உள்ளதா என்று கேட்பவர் சிலரே. பட்டறைகளில் ஸ்டீயரிங் என வழங்கும் இவ்வமைப்பு கெட்டுவிட்டால் வண்டி தன் போக்கில் செல்லும். எதிரே வருவது மோட்டார் சைக்கிளா, பள்ளிப் பிள்ளைகளா, சாலையோரத்து வாய்க்காலா என்று அது பார்ப்பதில்லை. ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. திசைமாற்றி பெரும்பாலும் திடீரெனக் கெடுவதில்லை. பல நாள் முன்னதாகவே அடையாளம் காட்டிவிட்டுத்தான் கெடுகிறது. அவ்வடையாளங்களை அறிந்துகொள்வது ஒவ்வொரு வண்டி ஓட்டுநரின் கடமையாகும்.

அமைப்பும் வேலையும்

ஓட்டுநர் கைச்சக்கரத்தைத் திருப்பும்போது, அத்திருப்பம் ஒரு நீண்ட தண்டின் வழியாகக் கீழேயுள்ள பற்சக்கர அமைப்பை அடைகிறது. அங்கே சுழற்சி பக்கவாட்டு அசைவாக மாறுகிறது. அவ்வசைவை டை ராட் எனப்படும் இணைப்புக் கம்பிகள் முன்சக்கரங்கள் இரண்டிற்கும் கொண்டு செல்கின்றன. கம்பியின் முனையில் பால் ஜாயிண்ட் என்னும் குமிழ் மூட்டு இருக்கிறது. நமது தோள்மூட்டைப் போன்று பல பக்கமும் அசையக்கூடிய இம்மூட்டினுள் மண்ணும் நீரும் புகாமல் காப்பது ஒரு சிறிய ரப்பர் உறையேயாகும்.

இவற்றோடு பவர் ஸ்டீயரிங் என்னும் துணையும் சேர்ந்துள்ளது. பல வண்டிகளில், இயந்திரத்தின் பெல்ட்டால் சுழலும் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தி, ஓட்டுநரின் கைக்கு வலுச் சேர்க்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் அவ்வேலையை மின்மோட்டார் செய்கிறது.

பழுது இரு வகை

முதல் வகை, துணை இழப்பு. பெல்ட் அறுந்தாலும், எண்ணெய் ஒழுகித் தீர்ந்தாலும், இயந்திரம் நின்றாலும் கைச்சக்கரம் திடீரெனக் கனத்துவிடும். வண்டி திரும்ப மறுக்கிறது என்று ஓட்டுநர் அஞ்சுவார். உண்மையில் இணைப்புகள் அறுபடவில்லை. இரு கைகளாலும் வலிந்து திருப்பினால் வண்டி திரும்பும்.

இரண்டாவது வகை, இணைப்பு முறிவு. கம்பியோ குமிழ் மூட்டோ கழன்றுவிட்டால் கைச்சக்கரம் எளிதாகச் சுழலும். ஆனால் வண்டி அதற்கேற்பத் திரும்பாது. இதுவே பேராபத்து. கனத்தால் வலிந்து திருப்பு, தளர்ந்தால் வேகத்தைக் குறை என்று நினைவிற் கொள்க.

இணைப்பு முறிவு எத்தகையது என்பதற்கு ஜப்பானில் நடந்த நிகழ்ச்சி சான்றாகும். 2004ஆம் ஆண்டில் அந்நாட்டின் குமமோத்தோ பகுதியில் டொயோட்டா ஹைலக்ஸ் சர்ஃப் வண்டி ஒன்றின் திசைமாற்று இணைப்புக் கம்பி முறிந்து, எதிரே வந்த காருடன் மோதியதில் ஐவர் காயமுற்றனர். அவ்வாண்டிலேயே ஜப்பானில் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட ஹைலக்ஸ் வகை வண்டிகள் பழுது நீக்கத்திற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. 2005இல் அமெரிக்காவிலும் ஒன்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் அழைக்கப்பட்டன. அக்கம்பியின் வலிமை போதாமையால், வண்டியை நிறுத்தியபடியே சக்கரத்தைப் பலமுறை முழுவதுமாகத் திருப்பும்போது அதில் வெடிப்பு உண்டாகி, நாளடைவில் முறியக்கூடும் என்பது கண்டறியப்பட்டது. நின்ற வண்டியில் டயரை முறுக்குவது எவ்வளவு சுமையைத் தருகிறது என்பதை இதனால் உணரலாம். வண்டி மெல்ல நகரத் தொடங்கிய பின்னரே திருப்புவது நல்ல பழக்கம்.

அடையாளங்கள்

கைச்சக்கரத்தைச் சிறிது அசைத்தும் டயர் அசையாதிருப்பது முதல் அடையாளம். பொதுவாக, விளிம்பில் 3 சென்டிமீட்டருக்கு மேல் வெற்றசைவு இருந்தால் பட்டறையில் காட்டுதல் வேண்டும். சமதளச் சாலையில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தல், கைச்சக்கரம் அதிர்தல், வளைவில் திரும்பியபின் அது தானாக நேர்நிலைக்கு மீளாமை, திருப்பும்போது முனகல் அல்லது 'டக் டக்' என்னும் ஒலி எழுதல், வண்டியின் முன்பகுதிக்குக் கீழே தரையில் எண்ணெய்க் கறை, முன் டயர் ஓரத்தில் மட்டும் தேய்தல் ஆகியன ஏனைய அடையாளங்கள். டயரின் காற்று குறைவாயிருந்தாலும் வண்டி ஒருபக்கம் இழுக்கும் என்பதால், முதலில் காற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

மூட்டுகளைப் பார்க்க எளிய முறை ஒன்றுண்டு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, ஒருவர் கைச்சக்கரத்தை இடமும் வலமுமாகச் சிறிதளவே அசைக்க வேண்டும். மற்றொருவர் பக்கவாட்டில் எட்டி நின்று, விளக்கின் ஒளியில் டை ராட் முனைகளைக் கவனிக்க வேண்டும். கம்பி அசைந்தும் மூட்டு தயங்கினால், அம்மூட்டு தேய்ந்துவிட்டது. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கும் வண்டியின் அடியில் எவரும் நுழையலாகாது.

நமது நிலத்திற்குரிய கவனம்

நமது செம்மண் சாலைகளில் குழிகள் மிகுதி. ஒவ்வொரு குழியின் அடியும் குமிழ் மூட்டையே சென்று தாக்குகிறது. வெள்ளமும் ஒரு பகையே. 2017ஆம் ஆண்டு நவம்பரில் பினாங்கைத் தாக்கிய பெருவெள்ளத்தில் எண்ணற்ற வண்டிகள் மூழ்கின. அவ்வாறு நீரில் நின்ற வண்டியின் ரப்பர் உறை கிழிந்திருந்தால், உள்ளே புகுந்த நீர் துருவை விளைவித்து மூட்டைப் பல மாதங்களுக்குப் பிறகும் தின்றுகொண்டிருக்கும். ஆதலால் வெள்ளத்தில் நின்ற வண்டியை வெளிப்புறம் கழுவினால் மட்டும் போதாது. உறைகளையும் பார்த்தல் வேண்டும்.

பாரமும் திசைமாற்றியைப் பாதிக்கும். ஒரு செம்பனைக் குலை 20 கிலோ எனக் கொண்டால் 50 குலைகள் ஒரு டன் எடையாகும். பெரும்பாலான பிக்கப் வண்டிகளுக்கு ஏறக்குறைய இதுவே எல்லை. இதற்கு மேலும் பின்தட்டில் குவித்தால் வண்டியின் முன்பகுதி தூக்கிக்கொள்ளும். முன் டயர்கள் சாலையை அழுந்தப் பற்றாமையால், திருப்பினாலும் வண்டி நேரே வழுக்கிச் செல்லும். மழைக்காலத்தில் இவ்வாபத்து இரட்டிப்பாகும்.

பாயா தெருபோங்கையும் பாலிக் புலாவையும் இணைக்கும் துன் சார்டோன் சாலையைப் போன்ற மலைச்சாலைகளில், எரிபொருளைச் சேமிக்க எண்ணி இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறக்கத்தில் வண்டியை ஓடவிடுவது பெருந்தவறு. அப்போது பவர் ஸ்டீயரிங்கின் துணையும் பிரேக்கின் துணையும் ஒருங்கே போய்விடும். சாவியை வெளியே எடுத்தால் பல வண்டிகளில் கைச்சக்கரமே பூட்டிக்கொள்ளும். ஓடும் வண்டியில் சாவியைத் தொடலாகாது.

ஆபத்து நேர்ந்தால்

ஓட்டத்தின்போது கைச்சக்கரம் கனத்தால், எரிபொருள் மிதியிலிருந்து காலை எடுத்து, இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, இடப்புறத்தே ஒதுங்க வேண்டும். கண்ணாடியில் பின்னே பார்த்தபின் ஒதுங்குக. இடப்பக்கம் மோட்டார் சைக்கிள்கள் வருவது வழக்கம்.

கைச்சக்கரம் தளர்ந்து வெறுமனே சுழன்றால், உடனே எரிபொருளைக் குறைத்து, பிரேக்கைச் சீராக அழுத்த வேண்டும். ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டியில் பிரேக்கைத் திடீரென ஓங்கி மிதித்தால் சக்கரங்கள் பூட்டிச் சறுக்கும். கியரைப் படிப்படியாகக் குறைத்து, ஹார்னை ஒலித்து மற்றவர்களை விலகச் செய்ய வேண்டும். நின்றபின் முக்கோணப் பலகையைப் பின்னே வைத்துவிட்டு, ஓட்டுநரும் உடனிருந்தவரும் சாலையை விட்டு அப்பால் நின்றபடி உதவி கோருக. உயிருக்கு ஆபத்தெனில் 999 என்னும் எண்ணை அழைக்கலாம். அவ்வண்டியை "மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போய்விடலாம்" என்று எண்ணுதல் கூடாது. இழுவை வண்டியில்தான் கொண்டு செல்ல வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

முறிந்த அல்லது வளைந்த டை ராடை வெல்டிங் செய்து மீண்டும் பூட்ட எவரையும் அனுமதிக்க வேண்டாம். புதிதாக மாற்றுவதே முறை. மூட்டின் மரைக்காயைக் கழற்றினால், அதைப் பிடித்து நிற்கும் சிறு ஊசியான ஸ்பிளிட் பின்னையும் புதிதாகப் போடச் சொல்ல வேண்டும். சில காசு பெறாத அவ்வூசி இல்லாமையால் மரை கழன்று உயிருக்கே கேடு நேரலாம். வேலை முடிந்தபின் சக்கர நேரமைப்பும் செய்தல் வேண்டும்.

வர்த்தகச் சரக்கு வண்டிகளுக்குக் குறித்த கால இடைவெளியில் கட்டாயச் சோதனை உண்டு. தோட்டத்தின் உட்சாலைகளில் மட்டும் ஓடும் பழைய வண்டியோ அச்சோதகரின் கண்ணில் படாமலே ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் சோதகர் அதனை ஓட்டுபவரே. மாதத்தில் ஒரு காலைப்பொழுதில், பத்து நிமிடம் செலவிட்டு, எண்ணெய், பெல்ட், உறை, மூட்டு, டயர் ஆகிய ஐந்தையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். அவ்வண்டிக்கு எதிரே நடந்து வருபவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளே என்பதை நினைவிற் கொண்டால், அப்பத்து நிமிடம் பெரிதாகத் தோன்றாது.