வேகம் இருக்கு, பிங் ஏன் எகிறுது?

இந்த மாதம் 30ஆம் தேதியோடு முடிகிற சலுகை ஒன்று சுவரொட்டியாகவும் வாட்ஸ்அப் படமாகவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் 100 எம்பிபிஎஸ் இணைப்பு 300 ஆகிவிடுமாம். படத்தில் ஹெட்செட் மாட்டிய ஒரு பையன். கீழே 'லேக் இல்லாத கேமிங்' என்று தடித்த எழுத்து. ஆண்டுத் தேர்வு முடிகிற நேரம் பார்த்து வலை விரித்திருக்கிறார்கள்.

இரண்டு வாரமாக வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை எழுதியிருப்பது மற்ற எல்லாக் கடிதங்களுக்கும் பொருந்தும்: "பையன் 'லேக் அடிக்குதுப்பா' என்கிறான். கஸ்டமர் கேரில் கேட்டால் 'ஸ்பீடு ஃபுல்லா வருது சார்' என்கிறார்கள். நானும் சோதித்தேன், 98 வருகிறது. இவர்களில் யார் பொய் சொல்கிறார்கள்? 300க்கு மாறட்டுமா?"

யாரும் பொய் சொல்லவில்லை. பையனுக்கு லேக் அடிப்பதும் உண்மை, வேகம் முழுதாக வருவதும் உண்மை. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே கம்பியில் நடக்கும். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அரசு இதை எப்படி அளக்கிறது என்று பார்த்துவிடலாம். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்பதற்கான வரையறையைத் திருத்தியது. ஊடாடும் சேவைகளைத் தாங்கக்கூடிய, குறைந்தது 2 எம்பிபிஎஸ் டவுன்லோட் வேகம் தரக்கூடிய இணைப்பு என்றால் அது பிராட்பேண்ட். அதற்கு முன்பு 512 கேபிபிஎஸ் இருந்தாலே போதும் என்றிருந்தது. 'ஊடாடும்' என்று ஒரு சொல்லைப் போட்டார்கள். ஊடாடலுக்கு உயிரான தாமதத்துக்கு ஓர் எண்ணைக்கூடப் போடவில்லை. தாமதத்துக்கு விதியே இல்லை என்று சொல்ல முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006இல் வகுத்த தர விதிகளில் 120 மில்லி விநாடி என்று ஒரு வரம்பு இருந்தது. ஆனால் அளவுகோலை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள்: இணைய நிறுவனத்தின் கணுவில் தொடங்கி, உள்நாட்டு இணைய மாற்றகமான நிக்ஸி வரை, அல்லது சர்வதேச நுழைவாயில் வரை. உங்கள் வீட்டுக் கூடம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்த்துவிட்டு, மூன்றாம் மாடிக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது என்று சான்றிதழ் தருவது போலத்தான். 2024 அக்டோபரில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்து வரம்புகளை இறுக்கின. நல்லதுதான். ஆனால் பையன் தோற்றுப்போவது தொட்டியில் இல்லை, குழாயில்.

பிங் என்பது தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம். அதில் ஒரு பகுதி தூரத்துக்கான கூலி. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை சாலைவழியாக ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். இழை அதே வழியில் போனாலும் போய்வர 13 மில்லி விநாடி கட்டாயம். சிங்கப்பூருக்குப் போகும் ஐ2ஐ கடலடிக் கேபிள் 3,200 கிலோமீட்டர், போய்வர 32. எந்த பிளானும் இதைக் குறைக்காது. வேலரன்ட் ஆட்டத்துக்கு மும்பையில் சர்வர் இருக்கிறது, கவுன்டர்-ஸ்ட்ரைக் 2க்குச் சென்னையிலேயே இருக்கிறது. ஆகவே ஈரோட்டுப் பையன் 30, 40 என்று சீராகப் பார்த்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவன் புகார் அதுவல்ல. 35இல் இருந்த எண் ராத்திரி எட்டரை மணிக்குத் திடீரென்று 250 ஆகிறது. மும்பை நகர்ந்துவிடவில்லை, ஒளியும் களைத்துப்போகவில்லை. மிச்சம் 215 எங்கே போயிற்று?

வரிசையில் நிற்கிறது. அதுவும் பெரும்பாலும் உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இணையப் பெட்டிக்குள்ளேயே.

எனக்கு இந்த விஷயத்தில் தூக்கம் கெட்டது போன வருடம். ஊட்டி போய் வந்த இரவு, மடிக்கணினியை லேன் கேபிளில் மாட்டி, கறுப்புத் திரையில் பிங் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 11, 12, 11, 11. என் மனைவியின் போன் சார்ஜில் போட்டதும் பயண வீடியோக்களை மேலே ஏற்றத் தொடங்கியது. 11, 46, 120, 188, 207. அங்கேயே நின்றது. ஏற்றுவதை நிறுத்தச் சொன்னேன். இரண்டு நொடியில் மறுபடி 11. மறுபடி ஏற்றினால் மறுபடி 207. சுவிட்ச் போட்டு அணைப்பது போல இருந்தது. இந்த நேரம் முழுக்க ஒரு பாக்கெட்கூட, அதாவது அனுப்பிய தகவலில் ஒரு துண்டுகூட, தொலையவில்லை என்று திரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கோளாறே அந்தப் பெருமைதான்.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். எடைபோடுகிறவர் ஒரே ஆள். வரிசை தெருவரைக்கும் நீண்டால், அடுத்து வருகிறவர் தூரத்திலேயே பார்த்துவிட்டு 'சாயங்காலம் வரலாம்' என்று திரும்பிவிடுவார். கூட்டம் தானாக மட்டுப்படும். ஒருநாள் கடைக்காரர் நல்ல எண்ணத்தில் பின்பக்கம் பெரிய பந்தல் போடுகிறார். யாரும் வெயிலில் நிற்க வேண்டாம், யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். இப்போது தெருவில் ஆளே இல்லை. கடை காலியாக இருக்கிறது என்று நினைத்து வருகிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எடைபோடுகிறவர் என்னவோ அதே ஒருவர்தான். ஒரு பாமாயில் பாக்கெட்டுக்காக வந்த பொடியன், இருபது அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கிறான். கேம் அனுப்புகிற தகவல் அந்தப் பொடியன் மாதிரி: அளவில் சிறிது, பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஒரு எம்பிபிஎஸ்கூடத் தேவைப்படாது, ஆனால் அவசரம்.

இணையத்தின் போக்குவரத்து ஒழுங்கே இந்தத் திரும்பிப்போதலை நம்பித்தான் இருக்கிறது. 1986 அக்டோபரில், கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு நெரிசலில் மாட்டி, 32 கேபிபிஎஸ்ஸிலிருந்து நொடிக்கு 40 பிட் என்று படுத்துவிட்டது. கேபி இல்லை, வெறும் பிட். அங்கே இருந்த வான் ஜேக்கப்சன் காரணத்தைத் தோண்டி 1988இல் கட்டுரையாக எழுதினார். அன்றிலிருந்து விதி இது: அனுப்புகிறவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம், ஒரு பாக்கெட் தொலைந்தால் 'வழியில் நெரிசல்' என்று புரிந்துகொண்டு குறைக்க வேண்டும். தொலைவது தவறு இல்லை, அதுதான் செய்தி.

பிறகு மெமரி மலிந்தது. பெட்டி செய்கிறவர்கள் 'எங்கள் கருவியில் பாக்கெட் தொலையாது' என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டுப் பந்தலை, அதாவது பாக்கெட்கள் காத்திருக்கும் 'பஃபர்' என்ற நினைவிடத்தை, பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். பாக்கெட் தொலையாததால் செய்தி போகவில்லை. செய்தி போகாததால் போன் வீடியோவை முழு வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள் வல்லுநர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்து 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தார். பஃபர் வீக்கம் என்று சொல்லலாம்.

கணக்கு எளிது. பெட்டிக்குள் 1 மெகாபைட் வரிசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 8 மெகாபிட். என் பழைய 40 எம்பிபிஎஸ் இணைப்பில் அது வெளியேற 200 மில்லி விநாடி. நான் பார்த்த 207க்கு விளக்கம் அதுதான். வேலரன்ட் சர்வர் நொடிக்கு 128 முறை களத்தைக் கணக்கிடுகிறது. 200 மில்லி விநாடி தாமதம் என்றால் 25 கணக்கு முடிந்தபிறகுதான் உங்கள் பையன் சுட்டது அங்கே போய்ச் சேருகிறது. மறைவுக்குப் பின்னால் ஓடிவந்த பிறகும் செத்துப்போகிறேன் என்று அவன் கத்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அப்படியானால் 300க்கு மாறினால்? விளம்பரம் முழுப் பொய் இல்லை. அதே 1 மெகாபைட் வரிசை 100 எம்பிபிஎஸ்ஸில் 80 மில்லி விநாடி, 300இல் 27. குறையும்தான். ஆனால் அதிக வேகத்துக்கான பெட்டியில் பந்தலும் பெரிதாக இருந்தால் பழைய கதைதான். அதோடு, 300 வாங்கும் வீடுகளில் நெரிசல் இடுக்கு வைஃபைக்கு மாறிவிடும். வரிசை அங்கே நிற்கும். ஆகவே 'லேக் இல்லாத' என்ற சொல்லை நான் நம்பவில்லை. வேகத்தை விற்கிறார்கள், வரிசையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மருந்தைத் தந்தவரும் அதே ஜேக்கப்சன்தான். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அவரும் 'கோடெல்' என்ற முறையை வெளியிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது, வரிசை எவ்வளவு நீளம் என்று அது கேட்பதே இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்று மட்டும் பார்க்கும். 100 மில்லி விநாடி முழுக்க, மிகக் குறைவாகக் காத்திருந்த பாக்கெட்கூட 5 மில்லி விநாடிக்கு மேல் நின்றிருந்தால், ஒன்றைத் தூக்கி எறியும். செய்தி போய்விடும், அனுப்புகிறவர் அடங்குவார். இதன் வளர்ச்சியான எஃப்க்யூ-கோடெல் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொருவருக்கும் தனி வரிசை போட்டு, பாமாயில் பொடியனை முன்னால் விடுகிறது. 2018 ஜனவரியிலேயே இரண்டும் இணையத் தொழில்நுட்ப ஆவணங்களாக வந்துவிட்டன. லினக்ஸில் இருக்கிறது, காசு கேட்பதில்லை.

உங்கள் வீட்டில் இதை எப்படி வைப்பது? ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடக்கூடிய ரூட்டரில் 'எஸ்க்யூஎம்' என்ற வசதி உண்டு. சில கடை ரூட்டர்களில் வேறு பெயரில் இருக்கும். வருகிற வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை அதில் எழுத வேண்டும். 100 வாங்கிவிட்டு 90க்கு நாமே கடிவாளம் போடுவது. அப்போதுதான் வரிசை நிறுவனத்தின் முட்டாள் பெட்டியில் நிற்காமல் நம் புத்திசாலிப் பெட்டியில் நிற்கும். நான் செய்தேன். அதே வீடியோ ஏறும்போது பிங் 11இலிருந்து 16க்குத்தான் போனது. ஆனால் நிறுவனம் தரும் பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டால்தான் நம் ரூட்டர் முழுதாக வேலை செய்யும். அதைக் கேட்டால் "அது எங்க பாலிசி இல்லை சார்" என்பார்கள். நான் மூன்று முறை போன் செய்தேன். கடைசியில் தெருவுக்கு வரும் கேபிள்கார அண்ணன்தான் ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொடுத்தார்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

லைன் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று மைனஸில் ஓர் எண் இருக்கும். மைனஸ் 20 அளவில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27ஐ நெருங்கினால் கம்பி எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது கனெக்டரில் தூசி. பீரோவுக்குப் பின்னால் ஃபைபரை நசுக்கி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

வைஃபையா, வயரா? வயர்.

டிஎன்எஸ் மாற்றினால்? ஆட்டம் தொடங்கியபின் அதற்கு வேலையே இல்லை.

கேமிங் விபிஎன்? நிறுவனத்தின் பாதை ஊர் சுற்றிப் போனால் மட்டும் உதவும். வீட்டு வரிசைக்கு உதவாது.

ஆறு ஆன்டெனா வைத்த கேமிங் ரூட்டர்? ஆன்டெனாவை எண்ணாதீர்கள், எஸ்க்யூஎம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஸ்டாட்டிக் ஐபி? கன்சோல் 'ஸ்ட்ரிக்ட் நாட்' என்று காட்டினால் பயன்படலாம். பிங் குறையாது.

பழைய செப்புக் கம்பி டிஎஸ்எல்? இரைச்சலில் கெட்டதைச் சரிசெய்யத் தகவலைக் கலைத்துக் கோக்கும் 'இன்டர்லீவிங்' அதில் உண்டு. அது மட்டுமே சில பத்து மில்லி விநாடி தின்னும். ஃபைபர் வரும் தெரு என்றால் மாறிவிடுங்கள்.

சராசரி பிங் 20தானே, பிறகென்ன? நிமிடத்தில் 59 முறை 10, ஒரே ஒரு முறை 600 என்று வந்தாலும் சராசரி 20தான். அந்த ஒரு முறையில்தான் தோற்பீர்கள்.

ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் வந்துவிட்டதே, இவையும் தடையா? 2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் தடுப்பது பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை.

30ஆம் தேதிக்குள் முடிவெடுக்க வேண்டியவர்கள் இன்று ராத்திரி ஒரு காரியம் செய்யுங்கள். கணினியை லேன் கேபிளில் மாட்டி ஃபாஸ்ட் டாட் காம் தளத்தைத் திறந்து, சோதனை முடிந்ததும் கூடுதல் விவரம் என்ற பொத்தானைத் தொடுங்கள். தாமதத்துக்கு இரண்டு எண்கள் வரும்: ஒன்று லைன் சும்மா இருக்கும்போது, மற்றது சுமை இருக்கும்போது. இரண்டுக்கும் வித்தியாசம் 30க்குள் இருந்தால் உங்கள் லைனில் குறையில்லை, வைஃபையைப் பாருங்கள். நூற்றைத் தாண்டினால், ஓராண்டுப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் எஸ்க்யூஎம் உள்ள ரூட்டர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து நேற்று பதில் வந்தது. அவருடைய எண்கள் 14, 236. பணம் கட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.