சங்கத்திற்கு ஒரு டிப்பர் லாரி: வாங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

அலங்காநல்லூர்ப் பகுதியில் காளை வாங்கப் போகும் ஒருவர் அதன் நிறத்தைக் கண்டு மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். ஏருக்கா, வண்டிக்கா, வாடிவாசலுக்கா என்பதை வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே தீர்மானித்திருப்பார். பரம்பரையாக வந்த இந்த விவேகம், இயந்திரம் வாங்கும் வேளையில் மட்டும் நம்மிற் பலரைக் கைவிட்டுவிடுகிறது.

சென்ற கோடையில் நாம் ஆய்வுக்காகச் சென்ற ஒரு சங்கத்தின் முற்றத்தில், புளியமரத்தடியில், பத்துச் சக்கர டிப்பர் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. வண்டியில் பழுது ஏதும் இல்லை. "பெரிய வண்டியானால் டன்னுக்கு ஆகும் செலவு குறைவு" என்று எவரோ சொன்னதை நம்பி நிர்வாகக் குழுவினர் அதை வாங்கியிருந்தனர். ஆனால் அங்கத்தினர்களின் வயல்களுக்குச் செல்லும் வண்டிப்பாதையில் அது திரும்ப முடியவில்லை. வாய்க்கால் பாலத்தின் மீது அதை ஏற்ற ஊரார் சம்மதிக்கவில்லை. வேலை கிடைத்ததோ ஆண்டில் மூன்று மாதங்கள். தவணை கட்ட வேண்டியதோ பன்னிரண்டு மாதங்கள். இரண்டாண்டுகளாக அங்கத்தினர்களுக்கு லாப ஈவு இல்லை.

இது ஒரு சங்கத்தின் கதை மட்டுமன்று. 2023 அக்டோபரில், தமிழகத்தின் பல மாவட்டங்களில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கப் பணியாளர்கள், பல்நோக்குச் சேவை மையத் திட்டத்தின்கீழ் வாங்கப்பட்ட டிராக்டர் முதலிய வாகனங்கள் சங்கங்களுக்கு நஷ்டத்தையே தருகின்றன என்று கூறி, அவற்றை மேல் அலுவலகங்களில் ஒப்படைக்கும் போராட்டம் நடத்தினர். இயந்திரம் கெட்டதன்று, வேலையை ஆராயாமல் இயந்திரத்தை வாங்குவதே கெட்டது என்பது நமது அபிப்பிராயம்.

வேலை முதலில், வண்டி பின்னர்

மதுரைக்கு வடக்கே அமைந்த இச்சமவெளியில் பாரம் ஏற்றுவதென்றாலே ஒரு காலத்தில் கரும்புதான் நினைவுக்கு வரும். வெட்டிய கரும்பு நேரம் கடந்தால் எடையிலும் சர்க்கரைச் சத்திலும் குறையும். ஆகவே வெட்டிய ஒரு நாளைக்குள் அது அரைவைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது கரும்பு பயிரிட்ட அங்கத்தினர் அனைவரும் அறிந்ததே. அலங்காநல்லூரின் தேசிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை கரும்புப் பற்றாக்குறையால் 2019-ஐ ஒட்டி அரைவையை நிறுத்தியபோது, பாதிக்கப்பட்டவர்கள் பயிர் செய்தவர்கள் மட்டுமல்லர். அந்த ஒரு வேலையையே நம்பி வண்டி வைத்திருந்தவர்களும் நிலை குலைந்தனர். ஒரே சரக்கை நம்பி வாங்கப்படும் வண்டி, அச்சரக்கு நின்றால் தானும் நின்றுவிடும்.

ஆகவே நிர்வாகக் குழு முதலில் வாங்க வேண்டியது லாரியை அன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தை. சித்திரை முதல் பங்குனி வரை மாதம் ஒரு பக்கமாக ஒதுக்கி, அம்மாதத்தில் அங்கத்தினர்களுக்கு என்ன சரக்கு, எத்தனை டன், எத்தனை மைல் செல்ல வேண்டும் என்று எழுத வேண்டும். கோடையில் கண்மாய் வண்டல். நடவுக்கு முன் தொழுவுரம். அறுவடைக்குப் பின் நெல் மூட்டை. வீடு கட்டுவோர்க்குக் கல்லும் ஜல்லியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏறக்குறைய எதுவும் இராது. அந்தப் பக்கங்களும் வெறுமையாகவே நோட்டில் இருக்கட்டும். அவற்றை மறைத்துவிட்டுக் கணக்குப் போடுவதில் பயனில்லை.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. நூல் பேல்களையும் துணிக் கட்டுகளையும் வண்டல் ஏற்றும் தொட்டியில் ஏற்ற இயலாது. ஈரமும் தூசியும் ஒரு நடையிலேயே சரக்கைக் கெடுத்துவிடும். "எல்லோர்க்கும் பயன்படும் ஒரே வண்டி" என்ற பேச்சு எழுந்தால் நெசவாளர்கள் எழுந்து நின்று கேள்வி கேட்பது அவர்களின் கடமையாகும்.

எடைக் கணக்கு

லாரித் தொழிலில் உள்ளவர்கள் மண்ணை "யூனிட்" கணக்கில் பேசுவார்கள். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி. ஆனால் சாலையில் சட்டம் பார்ப்பது கன அடியை அன்று, எடையை. ஒரு யூனிட் மண் ஈரத்தைப் பொறுத்து நான்கு டன் முதல் ஐந்து டன் வரை இருக்கும். அதே அளவு தொழுவுரம் அதிற் பாதியளவே எடை காட்டும். உரம் ஏற்றும் உயரத்திற்கு வண்டல் ஏற்றினால் அச்சு முறியும். அதற்கு முன்பே அபராதம் வரும்.

2018-இல் மத்திய அரசு திருத்திய அளவுப்படி, இரண்டு அச்சுள்ள ஆறு சக்கர லாரி பாரத்தோடு சேர்த்து 18.5 டன் வரையிலும், மூன்று அச்சுள்ள பத்துச் சக்கர லாரி 28.5 டன் வரையிலும் இருக்கலாம். இதற்கு மேல் ஏற்றினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி ரூ. 20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000-மும் செலுத்த வேண்டும். அந்த ஒரு ரசீது ஒரு மாத லாபத்தை விழுங்கிவிடும்.

இப்பொழுது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு சக்கர வண்டி தொட்டியுடன் 7 டன் எடை என்று கொண்டால், மீதி 11.5 டன் சரக்கு ஏற்றலாம். இனி, சரக்கைத் தானே அள்ளிப் போட்டுக்கொள்ளும் ஹைட்ராலிக் கையையும் கிராப்பையும் அவ்வண்டியில் பொருத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் எடை 2.3 டன் என்றால், ஏற்றக்கூடிய சரக்கு 9.2 டன்னாகக் குறைந்துவிடும். கை வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் அதன் எடையை ஒவ்வொரு நடையிலும் நாம் சுமந்தே தீர வேண்டும்.

கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதி அளிக்கும் அதிகாரம் 2024-இல் வட்டாட்சியர்களுக்கு வழங்கப்பட்டது. நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டரும் அளவாகும். ஈர வண்டல் கன மீட்டருக்கு 1.8 டன் என்று கொண்டால், ஒரு நன்செய் ஏக்கருக்கு 135 டன். கை இல்லாத வண்டிக்கு இது 12 நடை. கை பொருத்திய வண்டிக்கு 15 நடை. ஏக்கருக்கு மூன்று நடை டீசல் அதிகம் என்பதை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

கிராப் எங்கே பயன்படும்?

லாரியின் எஞ்சின் சக்தியைக் கொண்டே பாரம் தூக்கும் ஹைட்ராலிக் கையை ஸ்வீடன் நாட்டின் ஹியாப் நிறுவனம் 1947-இல் உருவாக்கியது. பின்னர் அக்கையின் நுனியில் இரண்டு தாடைகள் கொண்ட அள்ளுவாளியைப் பொருத்தி, இங்கிலாந்து முதலிய நாடுகளில் சாலையோர மண்ணையும் இடிபாடுகளையும் ஒரே ஆள் அள்ளிச் செல்லுகிறார். கூலி மிகுந்த அந்நாடுகளில் அது ஆதாயமே.

நமது நிலை வேறு. கண்மாயில் ஒரே இடத்தில் மலைபோல் வண்டல் இருக்கையில், வாடகைக்கு அமர்த்தும் ஜே.சி.பி. இயந்திரம் சில நிமிடங்களில் லாரியை நிரப்பிவிடும். கால் கன மீட்டர் கொள்ளும் கிராப்போ இருபது தடவைக்கு மேல் அள்ளியாக வேண்டும். ஆனால் வீட்டுக்கு வீடு சிறு குவியலாகக் கிடக்கும் சாணக் குப்பை, வாய்க்கால் ஓரத்தில் தூர் எடுத்துப் போட்ட மண், வெட்டிய மரத்தடி, இப்படிச் சிதறிக் கிடக்கும் சரக்கிற்கு ஜே.சி.பி.யை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஓட்டிச் செல்வதே வீண் செலவு. அங்கே கிராப் வண்டிதான் சிறந்தது. கரும்பு, மரம் இவற்றிற்கு நகம் போன்ற பிடியும், மண்ணிற்கு மூடிய வாளியும் வேண்டும். ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

கை வாங்குவோர் விற்பனைக்காரரிடம் "எத்தனை டன் தூக்கும்?" என்று மட்டும் கேட்பது போதாது. "எத்தனை மீட்டர் தூரத்தில்?" என்றும் கேட்க வேண்டும். இரண்டு மீட்டரில் 4 டன் தூக்கும் கை, எட்டு மீட்டரில் சுமார் ஒரு டன்தான் தூக்கும். அதிலும் கிராப்பின் சொந்த எடையைக் கழிக்க வேண்டும்.

சிதறிய சரக்கின் வேலை நோட்டில் பாதிப் பக்கங்களை நிரப்பவில்லையென்றால், கிராப் இல்லாத ஆறு சக்கர டிப்பரை வாங்கி, அள்ளும் இயந்திரத்தை நாள் வாடகைக்கு அமர்த்துவதே இப்பகுதிச் சங்கங்களுக்கு ஏற்றதென்று நாம் கருதுகிறோம். சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளர்களிற் பலர் நம் அங்கத்தினர் குடும்பத்தினரே என்பதையும் குழு மறத்தலாகாது.

வண்டியில் இருக்க வேண்டிய சாதனங்கள்

ஒட்டும் தன்மையுள்ள வண்டலுக்குத் தொட்டியின் உட்புறம் மூலைகள் வளைந்தும் வழவழப்பாகவும் இருத்தல் நலம். சதுர மூலையில் சேறு பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தங்கினால், தொட்டி உயர்ந்த நிலையில் வண்டி சாய்ந்துவிடக்கூடும். பின்கதவு நன்கு மூட வேண்டும், தார்ப்பாய் வேண்டும். தொட்டி தூக்கியிருக்கையில் வண்டி நகர்ந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும், பின்னோக்கி வருகையில் ஒலிக்கும் ஹாரனும் வேண்டும். தொட்டியின் அடியில் பழுது பார்ப்பதற்கு இரும்பு முட்டுக்கட்டை கட்டாயம் வேண்டும். எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் பல டன் இரும்பு நொடியில் கீழிறங்கும். முட்டு இல்லாமல் எவரும் அடியில் தலை நீட்டலாகாது.

கை பொருத்திய வண்டிக்குத் தாங்குகால்களும், அவற்றின் அடியில் வைக்கக் கனத்த மரப்பலகைகளும் தேவை. கண்மாய்க் கரை மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும். பின்னாளில் கை பொருத்துவதானால், அது வண்டியின் அமைப்பை மாற்றுவதாகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். எந்தக் கம்பெனி வண்டி என்பதைவிட, உதிரிப் பாகமும் பழுது பார்க்கும் பட்டறையும் மதுரையிலேயே கிடைக்குமா என்பதே முக்கியம். எஃப்.சி. புதிய வண்டிக்கு எட்டாண்டு வரை இரண்டாண்டுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுதோறும் பெற வேண்டும். அச்செலவும் கணக்கில் சேரட்டும்.

மின்கம்பி

எல்லாவற்றிலும் தலையாயது இது. டிப்பரின் தொட்டி உயர்ந்து மின்கம்பியில் பட்டு ஓட்டுநர்கள் மாண்ட செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். வயல்வெளியில் கம்பிகள் தாழ்ந்து தொங்குவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். கம்பிக்குக் கீழும் அருகிலும் தொட்டியையோ கையையோ உயர்த்தலாகாது. பத்தடி தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள். வயல்காரர் "இங்கேயே கொட்டு" என்று அவசரப்படுத்தினாலும் ஓட்டுநர் மறுக்கலாம் என்று குழு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும்.

தப்பித் தவறிப் பட்டுவிட்டால், ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். மற்றவர் எவரும் நெருங்கலாகாது. மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே இறங்க வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமெனில், வண்டியையும் தரையையும் ஒருங்கே தொடாமல் இரு கால்களையும் சேர்த்து வெளியே குதித்து, கால்களை அகட்டாமல் சிறுகச் சிறுக நகர்ந்து செல்ல வேண்டும். இதை ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் முதல் நாளே கற்பிக்க வேண்டும்.

பொதுக்குழுவில் கேட்க வேண்டியது

தவணை, இன்ஷூரன்ஸ், வரி, ஓட்டுநர் சம்பளம் இவை வண்டி ஓடாவிட்டாலும் ஆகும் செலவுகள். இவை மாதம் ரூ. 90,000 என்றும், டீசலும் டயர்த் தேய்மானமும் போக நடைக்கு ரூ. 1,500 நிற்கிறது என்றும் கொண்டால், மாதம் 60 நடை ஓடினால்தான் கைமுதல் நிற்கும். உங்கள் சங்கத்தின் தொகைகள் வேறாக இருக்கலாம். வகுக்கும் முறை இதுவே. வந்த விடையை நோட்டின் பன்னிரண்டு பக்கங்களோடும் ஒப்பிடுங்கள். ஐப்பசிப் பக்கமும் சேர்ந்து ஆண்டு முழுவதற்கும் கணக்குத் தேறினால் தாராளமாக வாங்கலாம். தேறாவிட்டால் இரண்டு மூன்று பக்கத்துச் சங்கங்கள் கூடி ஒரே வண்டியை வைத்துக்கொள்ளலாம். அல்லது ஓராண்டு வாடகை வண்டியை ஓட்டிப் பார்க்கலாம். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

நாம் முதலிற் கூறிய சங்கத்தார் இவ்வாண்டு தம் பத்துச் சக்கர வண்டியை ஏலத்தில் விற்பதென்று தீர்மானித்துள்ளனர். அந்தப் பொதுக்குழுவில் முதிய அங்கத்தினர் ஒருவர், "வாங்குகிற அன்று இந்தக் கணக்கை யாராவது வாசித்திருந்தால் நான் கை தூக்கியிருக்க மாட்டேன்" என்றார். கூட்டம் அமைதியாயிற்று, எவரும் மறுத்துரைக்கவில்லை. அங்கத்தினர்கள் தம் சங்கத்தில் வண்டி வாங்கும் தீர்மானம் வரும்போது, கை தூக்குவதற்கு முன் அந்தக் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டுமென்று அன்புடன் வேண்டுகிறோம்.