ஒரு கணினியை முப்பத்தைந்தாக்குவது எப்படி?

மாணவர்களே, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் கணினிக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரியான 35 கணினிகள், எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 14 அக்டோபர் 2025-இல் நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் லினக்ஸுக்கு மாறலாம் என ஆசிரியர் முடிவு செய்கிறார். கணினிக்கு ஒரு மணி நேரம் என்றாலும் 35 மணி நேரம் ஆகும். பாவம், அவருடைய சனிக்கிழமைகள்!

"ஒன்றில் நிறுவிவிட்டு, கோப்புகளை நகலெடுத்து மற்றவற்றில் ஒட்டினால் போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது. கணினியை எழுப்பும் தொடக்க நிரலும், வன்தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்னும் அட்டவணையும் அந்தக் கோப்புகளோடு சேர்ந்து வருவதில்லை. எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுக்குப் பெயர் வட்டுப் படிமம்.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸும், சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. இலட்சக்கணக்கான கணினிகளில், ஒவ்வொன்றிலும் இரண்டு இயங்குதளங்கள்! இதையெல்லாம் ஒவ்வொன்றாக உட்கார்ந்து நிறுவுவது நடக்கிற காரியமா?

படிமம் எடுக்கும் கருவிகள் பல. 1995-இல் நியூசிலாந்தில் பிறந்த 'கோஸ்ட்' நெடுநாள் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டியது. லினக்ஸில் உள்ள 'டிடி' இலவசம், ஆனால் கண்மூடித்தனமானது. 500 ஜிபி வன்தட்டில் 30 ஜிபி மட்டுமே நிறைந்திருந்தாலும், காலி இடத்தையும் சேர்த்து 500-ஐயும் நகலெடுக்கும். தைவானின் உயர்திறன் கணிப்பு மையம் உருவாக்கிய 'குளோன்சில்லா', நிறைந்த பகுதியை மட்டும் எடுக்கும். இதுவும் இலவசம்தான்.

இப்போது ஒரு கணக்கு. 30 ஜிபி என்பது 240 ஜிகாபிட். வினாடிக்கு 100 மெகாபிட் செல்லும் கம்பியில் அதை அனுப்ப 2,400 வினாடி, அதாவது 40 நிமிடம் வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக 35 கணினிகளுக்கு அனுப்பினால் 23 மணி 20 நிமிடம்!

பத்துமலைத் தைப்பூசத்தில் குழந்தை தொலைந்துவிட்டால், ஒவ்வொருவர் காதிலும் போய்ச் சொல்வார்களா? ஒலிபெருக்கியில் ஒருமுறை அறிவிப்பார்கள். குளோன்சில்லாவின் சர்வர் பதிப்பு இப்படித்தான் படிமத்தை ஒரே ஒருமுறை அனுப்பும். 35 கணினிகளும் ஒரே நேரத்தில் கேட்டு எழுதிக்கொள்ளும். 40 நிமிடத்திற்குச் சற்று மேலே ஆகலாம், ஏனென்றால் கூட்டத்திலேயே மெதுவான கணினிக்காக மற்றவை காத்திருக்க வேண்டும்.

'ஃபாக்' என்னும் இலவசக் கருவியும் இப்படி அனுப்பும். அதோடு, எந்தக் கணினிக்கு எந்தப் படிமம் என்று பதிவேடும் வைத்திருக்கும். ஆனால் அதற்குத் தனி சர்வரும், அதைக் கவனிக்க ஓர் ஆளும் தேவை. அடிக்கடி மென்பொருளை மாற்றும் கல்லூரிக்கு அது பொருந்தும். ஆண்டுக்கு ஓரிரு முறை மாற்றும் பள்ளிக்குக் குளோன்சில்லாவே போதும் என்பது என் கருத்து. ஒன்றை மட்டும் முன்பே பாருங்கள்: பெறும் வன்தட்டு, மூல வன்தட்டைவிடச் சிறியதாக இருந்தால் குளோன்சில்லா பொதுவாக மறுத்துவிடும்.

எந்தக் கருவியானாலும் ஆபத்து ஒன்றுதான். மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றிச் சொல்லிவிட்டால், காலி வன்தட்டு உங்கள் பாடங்கள் நிறைந்த வன்தட்டின்மேல் எழுதப்பட்டுவிடும். 'டிடி' உறுதிதானா என்றுகூடக் கேட்காது. நான் ஒருமுறை இப்படி இரண்டாண்டுப் புகைப்படங்களை இழந்தேன். அன்றிலிருந்து, தேவையில்லாத வன்தட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

பழகிப் பார்க்க ஆசையா? 'விர்ச்சுவல்பாக்ஸ்' என்னும் இலவச மென்பொருளில் இரண்டு பொய்க் கணினிகளை உருவாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிமத்தை மாற்றிப் பாருங்கள். அங்கே தவறு நேர்ந்தால் அழிவது பொய் வன்தட்டுதான்.