மூச்சிரைப்புக்குத் தூசி மட்டுமா காரணம்?

விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் அகல் விளக்கானாலும் பொம்மையானாலும் வேலை உடம்பை வாங்கிவிடும். களிமண் மூட்டை தூக்க வேண்டும். அச்சில் வார்த்ததைப் பலகையோடு சுமக்க வேண்டும். சூளையில் அடுக்கி இறக்க வேண்டும். ஒருவருக்கு மூச்சு வாங்கினால், “மண்ணு தூசி நெஞ்சுல ஏறிடுச்சு” என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அதில் நியாயம் உண்டு. சிலிகா தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஆனால், இதய வால்வு கெட்டாலும் இதே இரைப்புதான் வரும்.

நம் ஊர்களில் வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். சிறு வயதில் கவனிக்காமல் விட்ட தொண்டைப் புண்ணில் தொடங்கி, பல வருடம் கழித்து மைட்ரல் வால்வைச் சுருக்குகிறது. 4 முதல் 6 சதுர செ.மீ. திறக்க வேண்டிய வால்வு 1.5-க்கு இறங்கினாலே கடுமையான சுருக்கம்.

உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிதானமாகத் துடிப்பதால், குறுகிய வழியிலும் ரத்தம் இறங்க நேரம் கிடைக்கும். மூட்டையைத் தூக்கியதும் துடிப்பு ஏறும்; அந்த நேரம் குறையும்; ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்கும். படுக்கவைத்து எடுக்கும் எக்கோ எனும் இதய ஸ்கேனில் இது முழுதாகப் பிடிபடாது.

நடக்கவிட்டுப் பார்ப்பது

அதற்குத்தான் டிரெட்மில். புரூஸ் என்ற சோதனை முறையில் மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டும் கூடும். ரத்தக்குழாய் அடைப்பைத் தேடுபவர்கள் ஈ.சி.ஜி.யைப் பார்ப்பார்கள், வால்வு நோயாளிக்கு அது மட்டும் போதாது. மூச்சு எப்போது வாங்குகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று கவனிப்பார்கள். இதயத்தின் இன்னொரு வால்வான அயோர்ட்டிக் வால்வு சுருங்கியவருக்கு நடக்க நடக்க அழுத்தம் இறங்கினால் அது அபாய மணி. மைட்ரல் சுருக்கத்தில் உழைப்பின்போதே எக்கோ எடுத்து, வால்வின் இரு பக்க அழுத்த வித்தியாசம் சராசரியாக 15 மி.மீ. பாதரசத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். அதை வைத்தே பலூன் சிகிச்சையா, அறுவை சிகிச்சையா, காத்திருக்கலாமா என்ற பேச்சு.

எல்லாருக்கும் இந்தச் சோதனை ஆகாது. அயோர்ட்டிக் வால்வு மிகவும் சுருங்கி, மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ வந்துவிட்டவரை டிரெட்மில்லில் ஏற்றக் கூடாது. அவருக்குத் தேவை சோதனை அல்ல, சிகிச்சை.

“எனக்கு ஒண்ணுமில்லை” என்பவர்களுக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் பயன்படுகிறது. சூளை வேலையை விட்டு, உட்கார்ந்து வர்ணம் தீட்டும் வேலைக்கு மாறியவருக்கு மூச்சு வாங்காதுதான்; அதனால் வால்வு சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. டாக்டர் கேட்கும்போது மூச்சிரைப்பை மட்டும் சொன்னால் போதாது; போன வருடம் செய்து, இந்த வருடம் விட்டுவிட்ட வேலைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.