மதில் தாண்டும் வைஃபை

வீட்டு ரவுட்டர் வெளியிடும் வைஃபை அலைக்குத் திறந்த வெளியில் ஐம்பது மீட்டர் ஒரு பொருட்டல்ல. அதே அலை பத்தடி தள்ளியிருக்கும் பக்கத்து வீட்டுக் கூடத்துக்குள் நுழைவதற்குள் துவண்டுபோகிறது. இடையில் இந்த வீட்டின் வெளிச்சுவர் ஒன்று, அந்த வீட்டின் வெளிச்சுவர் ஒன்று. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே அலையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் அதைவிட மோசம். தகரக் கூரை, இரும்பு பீரோ, மாடியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இதே கூட்டணிதான்.

வீடுகளில் புழங்கும் வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்குகிறது. முன்னது சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அங்கே நெரிசல் அதிகம். ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, தெருவிலுள்ள அத்தனை ரவுட்டர்களும் அதில்தான். ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. பின்னது வேகமானது, இடமும் தாராளம். சுவரைக் கண்டால்தான் சுருண்டுவிடும்.

அண்ணன் வீட்டு இணைப்பைத் தம்பி வீட்டுக்கும் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் தேடுவது, நாலைந்து ஆன்டெனா நீட்டிய பெரிய ரவுட்டர். பெரும்பாலும் அது வீண் செலவு. இணையத்தில் பேச்சு இருவழிப் போக்குவரத்து: ரவுட்டர் சொல்வது செல்போனுக்குக் கேட்டால் போதாது, செல்போன் சொல்வதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும். செல்போனின் அலைபரப்புத் திறன் குறைவு. அதனால் தம்பி வீட்டில் போன் திரையில் கோடுகள் தெரியும். பக்கம் மட்டும் திறக்காது.

அடுத்தது ரிப்பீட்டர். விலை குறைவு, வேலையும் சுலபம். ஆனால் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒவ்வொரு தகவலையும் இரண்டு முறை பேசுகிறது. வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். இரண்டு அலைவரிசையும் உள்ள கருவியில், ரவுட்டரோடு பேச 5, வீட்டுக்குள் பரப்ப 2.4 எனப் பிரித்துவிட்டால் இந்த இழப்பு குறையும். சிக்னலே வராத அறையில் ரிப்பீட்டரை மாட்டுவதுதான் பரவலாக நடக்கும் தவறு. நல்ல சிக்னல் வரும் கடைசி இடமே அதற்குரிய இடம்: பொதுவாக, ரவுட்டர் இருக்கும் வீட்டைப் பார்த்த ஜன்னலோரம். ஆண்ட்ராய்டு போனில் சிக்னலை அளக்கும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. சிக்னல் வலிமையின் அலகான டிபிஎம்மில் மைனஸ் 60 என்றால் திருப்தி. மைனஸ் 80 என்றால் அங்கு வந்து சேரும் ஆற்றல் அதில் நூறில் ஒரு பங்குதான்.

ஒழுங்காக வேலை செய்யும் ஏற்பாடுகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இரு வீட்டுக்கும் நடுவில் கடப்பது ஒரு வேலை. வந்ததை வீட்டுக்குள் பரப்புவது வேறு வேலை. இரண்டையும் ஒரே கருவியின் தலையில் கட்டக் கூடாது.

கடக்கும் வேலைக்குக் கேபிளை மிஞ்ச எதுவும் இல்லை. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். வெயிலில் கிடக்கப்போவதால் கறுப்பு உறையுள்ள வெளிப்புற ரகமே வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுச் சரக்கைத் தவிர்ப்பது நல்லது. ஈதர்நெட் கேபிளின் அபாயம் இடி மின்னலில் இருக்கிறது. பக்கத்தில் எங்கோ மின்னல் இறங்கினாலும் செம்புக் கம்பி வழியே அதிர்ச்சி பாய்ந்து இரு வீட்டு ரவுட்டர்களையும் ஒருசேரக் கருக்கிவிடலாம். தனித்தனி மீட்டரும் எர்த்தும் கொண்ட வீடுகளுக்கு இடையில் அதனால் ஃபைபர் பாதுகாப்பானது. மின்சாரத்தைக் கடத்தாத கண்ணாடி இழையும் உலோகக் கம்பியில்லாத உறையும் போதும். இரு முனையிலும் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் ஒவ்வொன்று வைத்து, ஊரிலுள்ள கேபிள்காரரிடம் இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் வேலையைச் செய்துகொள்ளலாம்.

நடுவில் தெரு இருந்து கேபிள் இழுக்க வழியில்லையென்றால், மொட்டை மாடிக்கு மாடி நேராகப் பார்க்கும் திசை ஆன்டெனாக் கருவிகள் இரண்டு தேவை. அவை அலையை எல்லாப் பக்கமும் இறைக்காமல் ஒரே திசையில் குவிக்கின்றன. ஒன்றையொன்று கண்ணால் பார்க்க முடிந்தால் மட்டும் போதாது. நேர்கோட்டைச் சுற்றியும் இடம் காலியாக இருக்க வேண்டும். 50 மீட்டர் தூரத்தில், 5.8 கிகாஹெர்ட்ஸில், நடுவழியில் சுற்றிலும் சுமார் 80 செ.மீ. அளவுக்கு. குறுக்கே தென்னை ஓலை ஆடினால் காற்றடிக்கும் போதெல்லாம் வேகம் ஏறி இறங்கும். மழையில் நனைந்த ஓலை இன்னும் கெடுக்கும். கைப்பிடிச் சுவரில் வைத்தால் துணி காயப்போடும் கொடியே தடையாகிவிடும் என்பதால் குழாய் நட்டு உயர்த்துவது வழக்கம்.

கேபிளோ அலையோ, வந்து சேரும் இடத்தில் பழைய ரவுட்டர் ஒன்றே போதும். அதை, வந்ததைப் பரப்புவதோடு நிற்கும் அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லாத ரவுட்டரில், கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் ஐபி முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை லேன் துளையில் செருகினால் அதே வேலை நடக்கும். பெயரும் கடவுச்சொல்லும் இரு வீட்டிலும் ஒன்றாக, சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018இலும் உரிமம் தேவையற்றவை ஆயின; திறன் வரம்புக்குள் இருந்தால் கருவிக்கு அனுமதி தேட வேண்டாம். இணைப்பைப் பகிர்வது வேறு விஷயம். சந்தாதாரர் வீட்டுக்கு வெளியே பகிர்வதை நிறுவனத்தின் ஒப்பந்த விதிகள் தடுக்கக்கூடும். படித்துப் பார்ப்பது அவசியம். காசு வாங்கிக்கொண்டு கொடுக்க விரும்புகிறவர்களுக்கு, 2020இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டம் தனி வழி வைத்திருக்கிறது.

யார் பயன்படுத்தினாலும் பதிவாவது சந்தாதாரரின் முகவரிதான். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சலைத் தேடிய போலீஸ், நவி மும்பையில் பூட்டாமல் விடப்பட்டிருந்த ஒருவரது வைஃபையில் போய் நின்றது. உறவுக்காரர் அல்லாத பக்கத்து வீட்டாருக்கு விருந்தினர் வலையமைப்பைத் தனியாகத் திறந்து, டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பூட்டு போட்டு, வேக வரம்பும் வைத்துவிட்டால், சொந்த வீட்டுக் கணினியும் கேமராவும் அவர்கள் பக்கம் தெரியாது.