தறுகண்: தைரியத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் எதற்கும் அஞ்சாதவரைத் ‘தைரியசாலி’, ‘துணிச்சல்காரர்’ என்பார்கள். இதே பொருளுக்குத் தமிழில் ‘தறுகண்’ என்ற பழைய சொல் உண்டு. இதைத் ‘தறுதலை’யோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தறுதலை என்றால் யாருக்கும் அடங்காதவன். தறுகண் என்றால் அஞ்சாமை. அது உடையவர் தறுகணாளர்.

பெருமிதம் என்ற உணர்வு கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கினால் பிறக்கும் என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல். படிப்போடும் ஈகையோடும் ஒரே வரிசையில் வருவதால், அங்கே இது வெறும் முரட்டுத்தனம் அல்ல.

ஆனால் இச்சொல்லுக்குக் கொடுமை, வன்கண்மை என்ற பொருளும் அகராதிகளில் உண்டு. சங்கப் பாடல்களில் யானைக்கும் இது அடைமொழியாக வருகிறது. அப்படியானால் வீரத்தையும் கொடுமையையும் பிரிப்பது எது? 773ஆம் குறளில் விடை இருக்கிறது. தறுகண் பேராண்மைதான், ஆனால் பகைவருக்கு ஒரு துன்பம் வந்தால் அவருக்கும் உதவுவதே அந்த ஆண்மையின் கூர்மை என்கிறார் வள்ளுவர். பால்மரம் சீவும் கத்திக்குக் கூர் எப்படியோ, தறுகணுக்கு இரக்கம் அப்படி.

இச்சொல்லுக்குச் சிலாங்கூர் வரலாற்றிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் சம்பள உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். வேலை போனால் குடியிருக்கும் லயத்து வீடும் போய்விடும் என்ற நிலையில் எழுந்த கோரிக்கை அது. போராட்டத்தை வழிநடத்திய, ‘தமிழ் நேசன்’ நாளிதழின் துணையாசிரியர் ஆர்.எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டு, இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

அவர்கள் கேட்டது யாரையும் தாழ்த்துவதற்காக அல்ல, தாங்கள் தாழாமல் இருப்பதற்காக. தறுகண் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் தேவையில்லை.

இன்று பேச்சுவழக்கில் இச்சொல் இல்லை. மேடைப் பேச்சிலும் பள்ளிக் கட்டுரையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ‘தறுகண் மிக்க பெண்’, ‘தறுகணோடு உரிமை கேட்டனர்’ என்று எழுதலாம். அடிதடிக்குப் போகிறவரைப் பாராட்ட மட்டும் இச்சொல் வேண்டாம்.