டிவி வாங்கப் போறீங்களா? முதல்ல டேப்பை எடுங்க, கார்டை அப்புறம் எடுக்கலாம்



தீபாவளி போனஸ் அக்கவுன்ட்ல விழுந்த உடனே நம்மில் பாதிப் பேருக்கு மனசு போற இடம் கிராஸ்கட் ரோடுதான். சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு பக்கம் வேலை பாக்குற நம்ம சேனல் நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி இது: "சார், வீட்டுக்கு டிவி எடுக்கணும். 43 இன்ச் எடுக்கவா, 55 எடுக்கவா? நோ காஸ்ட் இஎம்ஐ போடலாமா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

சிஏ முடிச்சு வேலைக்குச் சேர்ந்த புதுசு. கோபி பக்கத்துல எங்க ஊர் வீட்டுல, 2006-க்கு அப்புறம் அரசாங்கம் கொடுத்த 14 இன்ச் இலவச கலர் டிவிதான் ரொம்ப வருஷம் ஓடிட்டு இருந்துச்சு. "மகன் ஆடிட்டர் ஆயிட்டான், இன்னும் அந்தப் பொட்டிதானா"ன்னு சொந்தக்காரங்க பேசக் கூடாதுன்னு நேரா ஒரு கடைக்குப் போனேன். 43 இன்ச் பார்க்கப் போனவனை 55 இன்ச் முன்னாடி நிறுத்தி, "மாசத்துக்கு ஆயிரம் ரூபாதானுங்ணா வித்தியாசம்"னு சொன்னாங்க. கார்டைத் தேய்ச்சுட்டு வந்துட்டேன்.

ரெண்டாவது மாசம் தோட்டத்துல போர்வெல் மோட்டார் காயில் எரிஞ்சு போச்சு. மஞ்சள் காட்டுக்குத் தண்ணி பாய்ச்சற நேரம். அப்பா போன் பண்ணி, "பதினஞ்சாயிரம் இருக்குமா கண்ணு?"ன்னு கேட்டார். கையில காசு இல்லை. கார்டு லிமிட்ல பெரும்பகுதியை டிவி பிடிச்சு வெச்சிருந்துச்சு. அம்மாவோட ஒரு ஜோடி வளையல் அடகுக்குப் போச்சு. அப்பா ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது.

பத்தாததுக்கு, அந்த டிவி எங்க ஹாலுக்குப் பொருந்தவும் இல்லை. காரணத்தைக் கீழே சொல்றேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுலயே போட வேண்டிய கணக்கு எல்லாம் இதோ.

1. அளவை முடிவு பண்ண வேண்டியது உங்க ஹால்

ஷோரூம் பெரிய இடம். அங்கே 55 இன்ச் சின்னதாத்தான் தெரியும். அதனால டேப் எடுத்து, டிவி வரப்போற சுவத்துக்கும் நீங்க உக்கார்ற இடத்துக்கும் நடுவுல எத்தனை அடின்னு அளங்க. அதை இன்ச்சா மாத்துங்க. ஒரு அடிக்கு 12 இன்ச்.

அந்த எண்ணை 1.6-ஆல வகுத்தா வர்றது உங்களுக்கு அதிகபட்ச அளவு. 2.5-ஆல வகுத்தா வர்றது குறைந்தபட்சம்.

- 6 அடி தூரம்: 29 முதல் 45 இன்ச்
- 7 அடி தூரம்: 34 முதல் 52 இன்ச்
- 8 அடி தூரம்: 38 முதல் 60 இன்ச்
- 10 அடி தூரம்: 48 முதல் 75 இன்ச்

எங்க அம்மா உக்கார்றது ஆறடி தூரத்துல, அதுவும் தரையில. 43 இன்ச்சே அங்கே தாராளம். நான் மாட்டினது 55, அதுவும் ஜன்னலுக்கு மேல. அம்மா ஒரு மாசம் கழுத்து வலின்னு தைலம் தேய்ச்சுட்டு இருந்தாங்க. உக்காந்தா கண்ணு நேரா பார்க்கற உயரத்துக்குப் பக்கத்துல டிவியோட நடுப்பகுதி இருக்கணும். இது காசு செலவில்லாத விஷயம், ஆனா நிறைய வீட்டுல தப்பாத்தான் இருக்கு.

பெட்டி மேல சென்டிமீட்டர்ல போட்டிருப்பாங்க, குழம்பிடாதீங்க. 80 செமீ-ன்னா 32 இன்ச், 108 செமீ-ன்னா 43, 126 செமீ-ன்னா 50, 139 செமீ-ன்னா 55. இது மூலைக்கு மூலை அளவு. 55 இன்ச் டிவியோட அகலம் கிட்டத்தட்ட 4 அடி. உங்க ஷோகேஸ்ல அந்த இடம் இருக்கான்னும் பார்த்துக்கங்க.

2. வீட்டுல யார், என்ன பார்க்கறாங்க?

4கே டிவியில மேலிருந்து கீழே 2,160 வரி புள்ளிகள் இருக்கு. ஃபுல் ஹெச்டியில 1,080. ஆனா சாதாரண கேபிள் சேனல்ல வர்ற படம் 576 வரிதான். அந்த 576 வரியை 2,160-க்கு இழுத்துக் காட்டும்போது முகமெல்லாம் மழுங்கித்தான் தெரியும். டிவி எவ்வளவு பெருசோ அவ்வளவுக்கு அந்த மழுங்கலும் பெருசு.

அப்பா அம்மா சீரியலும் நியூஸும் கேபிள்ல பார்க்கறாங்கன்னா, பெரிய 4கே டிவிக்குக் கொடுக்கற காசு அவங்களுக்குப் போய்ச் சேராது. அளவான டிவியும் ஹெச்டி சேனல் பேக்கும் போதும். நீங்க ஓடிடி-யில படம், கிரிக்கெட், கேம்னு பார்க்கறவரா இருந்தா 4கே பிரயோஜனப்படும். ஆனா நெட்ஃபிளிக்ஸ்ல 4கே தரம் அவங்களோட விலை அதிகமான பிளான்ல மட்டும்தான் வரும், வீட்டுல 15 எம்பிபிஎஸ் வேகமாவது வேணும். அந்த மாசாந்திரச் செலவையும் டிவி விலையோட சேர்த்துத்தான் கணக்குப் பண்ணணும்.

3. எல்இடி, க்யூஎல்இடி, ஓஎல்இடி: பேருக்குக் காசு கொடுக்காதீங்க

எல்இடி டிவின்னு விக்கறது எல்சிடி திரைதான். பின்னாடி இருக்கற விளக்கு மட்டும் எல்இடி. க்யூஎல்இடி-யும் அதே எல்சிடி குடும்பம்தான், நிறம் நல்லா வர்றதுக்கு நடுவுல ஒரு அடுக்கு கூடுதல். ஓஎல்இடி மட்டும்தான் வேற ஜாதி. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். அதனால கறுப்பு நிஜமான கறுப்பா இருக்கும். விலையும் அதுக்கேத்த மாதிரி.

இன்னொரு விஷயம், ஹால்ல எல்லாரும் நேரா உக்கார்றாங்களா, பக்கவாட்டுல உக்கார்றாங்களா? ஐபிஎஸ் பேனல்ல பக்கத்துல இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவா மாறாது. விஏ பேனல்ல நேரா பார்க்கறவங்களுக்கு கறுப்பு நல்லா இருக்கும், பக்கத்துல இருக்கறவங்களுக்கு வெளுத்துத் தெரியும். கடையில ரெண்டடி தள்ளி நின்னு சாய்வாப் பாருங்க, உங்களுக்கே புரிஞ்சுடும். கடையில ஓடற டெமோ வீடியோவை நம்பாதீங்க. சாதாரண சேனல் ஒண்ணைப் போடச் சொல்லிப் பாருங்க.

கரண்ட் கணக்கும் லேசுதான். டிவி பின்னாடி எத்தனை வாட்ஸ்னு இருக்கும். 100 வாட்ஸ் டிவி தினம் 5 மணி நேரம் ஓடினா, நம்ம ஊர் ரெண்டு மாச பில்லுல 30 யூனிட். ஸ்டார் லேபிளை ஒப்பிட்டுப் பாருங்க.

4. ஜிஎஸ்டி 10 சதவீதம் குறைஞ்சா விலையும் 10 சதவீதம் குறையுமா?

32 இன்ச் வரைக்கும் இருக்கற டிவிக்கு 2019 ஜனவரியில இருந்தே 18 சதவீதம் ஜிஎஸ்டிதான். அதுக்கு மேல இருக்கற டிவிகளுக்கு 28 சதவீதமா இருந்ததை, 2025 செப்டம்பர் 22-ல இருந்து 18 சதவீதமாக் குறைச்சாங்க.

வரி இல்லாம 40,000 ரூபாய் டிவின்னு வெச்சுக்கங்க. பழைய விலை 51,200. புது விலை 47,200. குறைஞ்சது 4,000 ரூபாய். பழைய விலையில இது 7.8 சதவீதம்தான், 10 இல்லை. வரி, அடக்க விலை மேல போடறதுங்கறதால இப்படி. "பத்து சதவீதம் குறைச்சுட்டோம்"னு யாராவது போர்டு வெச்சா நீங்க கணக்குப் போட்டுப் பாருங்க.

இதுல பெரிய ஆபத்து, "அந்த 4,000 மிச்சம்தானே"ன்னு 43-ல இருந்து 55-க்குத் தாவறது. வரி குறைஞ்ச பலன் பேங்க்ல இருந்தாத்தான் மிச்சம்.

5. நோ காஸ்ட் இஎம்ஐ: காஸ்ட் எங்கே ஒளிஞ்சிருக்கு?

வட்டி இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது, வட்டியைப் பிராசசிங் கட்டணம் மாதிரி வேற பேர்ல மறைக்கறாங்கன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல வங்கிகளுக்கு எழுதின சுற்றறிக்கையில சொல்லியிருக்கு. இப்போ இருக்கற நோ காஸ்ட் இஎம்ஐ எப்படி வேலை செய்யுது பாருங்க.

டிவி விலை 48,000. மாசம் 8,000 வீதம் 6 மாசம். வங்கி 16 சதவீத வட்டி போடுதுன்னு வெச்சுக்குவோம். அப்போ வங்கி உண்மையில கடையில கொடுக்கறது சுமார் 45,840 ரூபாய். மீதி 2,160 ரூபாய் வட்டி. அந்த வட்டியைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியா ஏத்துக்குது.

உங்க கையில இருந்து போறது எது?

- கிரெடிட் கார்டுல அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி: சுமார் 389 ரூபாய்
- பிராசசிங் கட்டணம் 199-ன்னா ஜிஎஸ்டியோட: 235 ரூபாய்
- மொத்தம் நீங்க கட்டறது: 48,624 ரூபாய்

இப்போ கடைக்காரர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "ஏனுங்க, இஎம்ஐ வேண்டாம், முழுசாக் கட்டறேன். எவ்வளவு குறைப்பீங்க?" 46,000-க்கு வந்துட்டார்னா, இஎம்ஐ-க்கு நீங்க கூடுதலாக் கொடுக்கறது 2,624 ரூபாய். ஆண்டு வட்டியாப் பார்த்தா 19 முதல் 20 சதவீதம் வரும். பர்சனல் லோனே இதைவிடக் குறைஞ்ச வட்டியில கிடைக்கலாம்.

ரொக்கத்துக்கும் அதே 48,000-தான்னு ஒத்தை ரூபா குறைக்காத இடமா இருந்தா, இஎம்ஐ-யோட கூடுதல் செலவு 624 மட்டும்தான். அப்போ எடுக்கறது தப்பில்லை. ஆனா ரெண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். டிவியோட முழு விலையும் கார்டு லிமிட்ல பிடிச்சு வெச்சு, நீங்க கட்டக் கட்டத்தான் விடுவிப்பாங்க. ஒரு மாசம் கார்டு பில்லை முழுசாக் கட்டாம விட்டா, மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி போடற கார்டுகள்தான் அதிகம். ஃபைனான்ஸ் கம்பெனி கடனா எடுத்தாலும் அது கிரெடிட் ரிப்போர்ட்ல கடனாத்தான் பதிவாகும். நாளைக்கு வீட்டுக் கடன் கேக்கும்போது பைக், போன், டிவின்னு எல்லா இஎம்ஐ-யையும் கூட்டித்தான் உங்க தகுதியைப் பார்ப்பாங்க.

என்னோட சொந்த விதி: டிவி விலை ஒரு மாசக் கைச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. அவசரத்துக்குன்னு மூணு மாசச் செலவு தனியா இல்லைன்னா, முதல்ல அதைச் சேர்க்கணும். டிவி அதுக்கப்புறம்.

இதுக்கு ஒரு வழி இருக்கு. இஎம்ஐ-யை உங்களுக்கே கட்டுங்க. மாசம் 8,000 வீதம் 6 மாசம் ஆர்டி போட்டா, 6.5 சதவீதத்துல சுமார் 900 ரூபாய் வட்டி வரும். 2,624 கொடுக்கறதுக்குப் பதிலா 900 வாங்கறீங்க. வித்தியாசம் 3,500 ரூபாய். நடுவுல மோட்டார் எரிஞ்சாலும் பணம் உங்க கையில இருக்கும்.

6. பில் போடறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய மூணு

எக்ஸ்சேஞ்ச்: "பழைய டிவிக்கு 5,000"ன்னு சொன்னா, பழைய டிவி இல்லாம என்ன விலைன்னு முதல்ல கேளுங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க பழைய டிவிக்கு உண்மையான விலை.

சர்வீஸ்: ஆன்லைன்ல மலிவாக் கிடைக்கற பிராண்டுக்கு கோவையில சர்வீஸ் இருக்கலாம். கோபிக்கோ பொள்ளாச்சிக்கோ தாராபுரத்துக்கோ வருவாங்களா? ஊர் வீட்டுக்கு வாங்கறவங்க அந்த ஊர் பின்கோடைச் சொல்லிக் கேட்டுட்டு வாங்குங்க.

எக்ஸ்டெண்டட் வாரண்டி: கொடுக்கறது டிவி கம்பெனியா, வேற கம்பெனியா? பேனலுக்கும் உண்டா? திரை உடைஞ்சா பெரும்பாலும் கிடையாது. இதையெல்லாம் வாயில சொன்னா போதாது, எழுத்துல இருக்கணும்.

ஜிஎஸ்டி பில் கண்டிப்பா வாங்குங்க. பிரச்சினை வந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்க குடியிருக்கற ஊரோட மாவட்ட ஆணையத்துலயே வழக்குப் போடலாம், ஆன்லைன்ல எந்த ஊர் கடையில வாங்கியிருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள பொருளுக்கு மனுக் கட்டணமே கிடையாது.

7. புது டிவியே தேவையான்னு ஒரு தடவை கேளுங்க

"டிவி ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு"ன்னு மாத்தறவங்க நிறைய. நாலஞ்சு வருஷத்துல மெதுவாகறது பெரும்பாலும் உள்ளே இருக்கற சாஃப்ட்வேர்தான். திரை நல்லா இருந்து ஹெச்டிஎம்ஐ துளையும் இருந்தா, சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினா போதும். அதே டிவி இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும்.

எங்க வீட்டு 55 இன்ச் இப்பவும் ஓடுது. நான் கொஞ்சம் இறக்கி மாட்டியிருக்கேன். அடகு வெச்ச வளையலை நாலு மாசம் கழிச்சு மீட்டுக் கொடுத்தேன். வட்டி எவ்வளவு ஆச்சுன்னு அப்பா சொல்லவே இல்லை, நானும் ஆடிட்டர்ங்கறதால ரசீதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

இந்த வாரக் கடைசியில கடைக்குப் போறதா இருந்தா ஒரு துண்டுச் சீட்டுல மூணு எண் எழுதிட்டுப் போங்க: ஹால் தூரத்துக்கு ஏத்த அளவு, நீங்க கொடுக்கத் தயாரா இருக்கற அதிகபட்ச ரொக்க விலை, வாங்கின பிறகு பேங்க்ல மிச்சம் இருக்க வேண்டிய தொகை. யார் என்ன சொன்னாலும் அந்தச் சீட்டைப் பார்த்துட்டுப் பதில் சொல்லுங்க. இஎம்ஐ கணக்கை எக்ஸெல்ல போட்டுக் காட்டற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு, உங்க எண்களைப் போட்டுப் பார்த்துக்கங்க.